கேக்கை எழுப்பும் பொடியும் சிறுநீரகக் கணக்கும்

சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட்; அதன் எடையில் கால் பங்குக்கும் சற்று அதிகமானது சோடியம். தேக்கரண்டியில் தலைதட்டி எடுத்தால் ஐந்து கிராமுக்குச் சற்றுக் குறைவாகச் சோடா வரும். அந்த ஒரு கரண்டியில் ஏறத்தாழ 1,250 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள் ஒரு நாளில் எல்லா உணவிலிருந்தும் சேர்த்து 2,000 மில்லிகிராமுக்குள் சோடியத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. உப்பாகக் கணக்கிட்டால் அது 5 கிராம். மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு இந்த எண்களில் புதுமை ஒன்றுமில்லை. என் கணவருக்குச் சிறுநீரக நோய் நான்காம் நிலைக்கு வந்து, தருமபுரியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் உள்ள ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் பார்த்து வாங்கும் நிலை வந்தபோது, மாவை உப்பவைக்கும் பொருள்களைப் பற்றித் தமிழில் விரிவாக எதுவும் கிடைக்கிறதா என்று தேடினேன். உப்பைக் குறைக்க வேண்டும், ஊறுகாயை நிறுத்த வேண்டும், இளநீர் கூடாது, கீரையையும் காய்களையும் வேகவைத்து நீரை வடித்துவிட வேண்டும் என்ற அளவோடு நான் கண்ட அறிவுரைகள் நின்றுவிட்டன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவருக்கு நோய் வந்தது இரத்த அழுத்தத்தால். சர்க்கரை இல்லை, டயாலிசிஸும் இன்னும் தொடங்கவில்லை. மாலைத் தேநீரோடு ஒரு பன்னோ, ஒரு துண்டு கேக்கோ சாப்பிட்டுப் பழகியவர். பெங்களூரு பக்கத்தில் இருப்பதால் ஓசூர், கிருஷ்ணகிரி தொடங்கித் தருமபுரி வரை ஐயங்கார் பேக்கரிகளுக்குக் குறைவில்லை என்பதை இந்தப் பக்கத்துக்காரர்கள் அறிவார்கள். அந்தப் பழக்கத்தை முற்றிலும் வெட்டிவிடுவது எளிது. ஆனால் புரதத்தையும் பழங்களையும் பருப்பையும் ஏற்கெனவே குறைத்துக்கொண்டு, உடல் எடையும் இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு மாவிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் கிடைக்கும் ஆற்றலையும் தடுத்துவிடுவது சரியாக இருக்காது என்று எங்கள் மருத்துவரே சொன்னார். எனவே பேக்கரிப் பண்டம் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, அதை எது எழுப்புகிறது என்பதே எங்கள் வீட்டில் பேச்சாயிற்று.

மாவு உப்புவதற்கு வேண்டியது வாயு. சோடாவைச் சூடாக்கினாலும், அமிலத்தோடு கலந்தாலும் கார்பன் டை ஆக்சைடு வெளிப்படுகிறது. அந்த வாயு மாவுக்குள் சிறுசிறு அறைகளை உண்டாக்கிவிட்டு அடுப்பின் வெப்பத்தில் வெளியேறிவிடுகிறது. வாயுவைச் சுமந்து வந்த உலோகம் வெளியேறுவதில்லை. சோடாவில் வந்த சோடியம் ஒரு மில்லிகிராம்கூடக் குறையாமல் கேக்கிலேயே தங்கும். சோடாவுக்குத் துணையாகச் சேர்க்கும் அமிலத்தில் பாஸ்பேட் இருந்தால் பாஸ்பரஸ் தங்கும், பொட்டாசியம் இருந்தால் பொட்டாசியம் தங்கும், அலுமினியம் இருந்தால் அலுமினியம் தங்கும். ஆகவே சிறுநீரக நோயாளிக்கு எழுப்பும் பொருளைத் தேர்ந்தெடுப்பது என்பது, எந்தத் தாதுவை உடலுக்குள் விடலாம் என்று தேர்ந்தெடுப்பதாகும். இதற்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே விடை கிடையாது. அவரவர் இரத்தப் பரிசோதனைத் தாளில் பொட்டாசியம், பாஸ்பரஸ், இரத்தத்தின் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் ஆகிய மூன்று வரிகளில் என்ன எண் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் விடை சொல்ல முடியும்.

சோடாவையும் அமிலத்தையும் ஒன்றாகக் கலந்த பொடியான பேக்கிங் பவுடரின் பழைய கதையைப் பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆல்ஃபிரட் பேர்டு என்ற மருந்துக்கடைக்காரர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக 1843இல் ஒரு பொடியை உருவாக்கினார். அக்காலத்தில் சோடாவுக்குத் துணையாகப் பரவலாகப் பயன்பட்டது கிரீம் ஆஃப் டார்ட்டர். திராட்சை மதுப் பீப்பாய்களின் உட்புறத்தில் படியும் உப்பு அது, வேதியியலில் பொட்டாசியம் பைடார்ட்ரேட். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எபன் ஹார்ஸ்ஃபோர்டு, விலை கூடிய அந்தப் பொருளுக்கு மாற்றாக 1856இல் கால்சியம் பாஸ்பேட் அமில உப்புக்குக் காப்புரிமை பெற்றார். முதலில் அதை எலும்புகளிலிருந்துதான் எடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இன்னும் மலிவான படிகார வகைகள் சந்தைக்கு வந்தன. ரொட்டி செய்பவர்களுக்கு இந்த மூன்றும் விலையிலும் வேகத்திலும் வேறுபட்ட மூன்று பொடிகள், அவ்வளவுதான். பழுதான சிறுநீரகத்துக்கோ முதலாவது பொட்டாசியம், இரண்டாவது பாஸ்பரஸ், மூன்றாவது அலுமினியம்.

இவற்றில் நான் அதிகம் கவலைப்படுவது பாஸ்பரஸைப் பற்றி. நலமான சிறுநீரகம் மிகையான பாஸ்பரஸைச் சிறுநீரில் தள்ளிவிடும். வடிகட்டும் திறன் குறையும்போது அது இரத்தத்தில் தேங்குகிறது; பாராதைராய்டு சுரப்பி தூண்டப்பட்டு எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கிறது; எலும்பு பலவீனமாகிறது, இரத்தக் குழாய்ச் சுவர்களில் கால்சியம் படிகிறது, தோலில் ஓயாத அரிப்பு வருகிறது. பாஸ்பரஸ் இயற்கையாகவே பல உணவுகளில் இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் பயறு, தானியங்களில் உள்ள பாஸ்பரஸின் பெரும்பகுதி ஃபைட்டேட் என்ற வடிவில் பூட்டப்பட்டிருப்பதால், நம் குடல் அதில் பாதிக்கும் குறைவாகவே ஈர்த்துக்கொள்கிறது. உணவுச் சேர்மானமாக வரும் பாஸ்பேட் உப்புக்கு அப்படிப்பட்ட பூட்டு எதுவும் இல்லை; அதில் ஏறத்தாழ 90 விழுக்காடு வரை இரத்தத்துக்குப் போய்விடும். ஒரு கிண்ணம் பருப்பில் உள்ள 100 மில்லிகிராமும், பேக்கிங் பவுடரில் உள்ள 100 மில்லிகிராமும் தாளில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் உடலுக்குள் ஒன்றல்ல. உணவு அட்டவணையைக் கையில் கொடுத்துப் பருப்பைக் குறைக்கச் சொல்லும் இடங்களில் இதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். முழுக்கப் பாஸ்பேட் அமிலத்தை நம்பியிருக்கும் பேக்கிங் பவுடரில் ஒரு தேக்கரண்டிக்கு 450 மில்லிகிராம் அளவில் பாஸ்பரஸும், 360 மில்லிகிராம் அளவில் சோடியமும் இருக்கும். பாஸ்பேட்டோடு சோடியம் அலுமினியம் சல்ஃபேட்டும் கலந்த வகையில் பாஸ்பரஸ் 100 மில்லிகிராமாகக் குறையும், சோடியம் 490ஐ எட்டும். சோடியம் குறைந்தது என்று சொல்லி வெளிநாடுகளில் விற்கும் பொடி சோடாவுக்குப் பதிலாகப் பொட்டாசியம் பைகார்பனேட்டைப் பயன்படுத்துவதால், ஒரு தேக்கரண்டியில் சோடியம் பெயருக்கு இருந்து, பொட்டாசியம் 500 மில்லிகிராம் வரை இருக்கும். பாஸ்பரஸும் 340க்கு மேல் இருக்கும். பாஸ்பரஸ் நாளொன்றுக்கு 800 முதல் 1,000 மில்லிகிராம் வரை என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் வரம்பு. இப்போதைய வழிகாட்டுதல்கள் ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்ளாமல், இரத்தத்தில் உள்ள அளவைப் பார்த்து உணவை மாற்றச் சொல்கின்றன.

இந்த எண்களைக் கேட்டு மிரள வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போட்ட கேக்கை எட்டுத் துண்டாக்கினால், ஒரு துண்டில் அந்தப் பொடியால் வரும் சோடியம் 45 முதல் 60 மில்லிகிராம். பாஸ்பரஸ், பொடியின் வகையைப் பொறுத்து 13 முதல் 56 மில்லிகிராம். மாதம் ஒருமுறையோ, பேரப்பிள்ளையின் பிறந்தநாளுக்கோ ஒரு துண்டு சாப்பிடுகிறவருக்கு இது ஒரு கணக்கே அல்ல. காலையில் ரஸ்க், பதினொரு மணிக்கு பிஸ்கட், மாலையில் கேக் என்று நாள்தோறும் சாப்பிடுகிறவருக்கும், ஏற்கெனவே பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைச் சாப்பாட்டோடு விழுங்கிக்கொண்டிருப்பவருக்கும்தான் இது கணக்கு. சோடாவைக் கண்டு அஞ்சுகிற வீடுகளில் மதியச் சாப்பாட்டுக்கு அப்பளம் பொரிவதை நான் பார்த்திருக்கிறேன். உளுந்து மாவு, உப்பு, அப்பளக்காரம் மூன்றும் சேர்ந்ததுதான் அப்பளம்; அந்தக் காரமும் ஒரு சோடியம் உப்பே.

அலுமினியத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1970களில் டயாலிசிஸ் செய்துகொண்ட நோயாளிகள் பலருக்குப் பேச்சுக் குழறலும் நினைவிழப்பும் வலிப்பும் வந்தபோது, டயாலிசிஸுக்குப் பயன்படுத்திய நீரிலும் அக்கால மருந்துகளிலும் இருந்த அலுமினியம் மூளையிலும் எலும்பிலும் சேர்ந்ததே காரணம் என்று கண்டறிந்தார்கள். இன்று அந்த நீரை நன்கு சுத்திகரித்தே பயன்படுத்துகிறார்கள். உணவிலிருந்து குடல் ஈர்க்கும் அலுமினியம் மிகக் குறைவு. இருந்தாலும் அதை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகமே என்பதால், அலுமினியம் இல்லாத பொடி கிடைக்கும்போது அது உள்ள பொடியை வாங்குவதற்கு எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பொட்டாசியத்துக்கு வருவோம். கிரீம் ஆஃப் டார்ட்டர் மூன்று கிராம் எடையுள்ள ஒரு தேக்கரண்டியிலேயே ஏறத்தாழ 500 மில்லிகிராம் பொட்டாசியத்தைக் கொண்டுவந்துவிடும். பாஸ்பேட்டும் அலுமினியமும் இல்லாத இயற்கைப் பொருள் என்று இதைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. பொட்டாசியம் கட்டுக்குள் இருந்து பாஸ்பரஸ் மட்டும் ஏறியிருப்பவருக்கு அது பொருந்தலாம். என் கணவரைப் போல இரத்தப் பரிசோதனையில் இரண்டாவது முறையாகப் பொட்டாசியம் ஐந்தைத் தாண்டியவருக்குப் பொருந்தாது. நம் புளியின் புளிப்பும் பெரும்பாலும் டார்ட்டாரிக் அமிலத்தால் வருவதுதான். அரூர், தென்கனிக்கோட்டைப் பக்கத்துப் புளி வீட்டில் இருக்க, சீமையிலிருந்து வரும் பொடி எதற்கு என்று கெட்டிப் புளிக்கரைசலைச் சோடாவோடு சேர்த்துப் பார்க்கலாமே என எனக்கும் தோன்றியது. நுரைத்து எழும், ஐயமில்லை. ஆனால் 100 கிராம் புளியில் 600 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. குழம்புக்கே அளந்து ஊற்றும் வீட்டில் அதைக் கேக்கில் வேறு கரைப்பானேன். இதோடு சேர்த்து ஒன்று: கடைகளில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் சோடியம் குளோரைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். இரத்த அழுத்தக்காரர்களுக்கு நல்லது என்று உறவினர்கள் வாங்கி வந்து தருவார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ஆபத்தான பரிசு.

பாக்கெட்டில் வரும் பண்டங்களில் இவற்றைக் கண்டுபிடிக்க வழியிருக்கிறது. சேர்மானப் பட்டியலில் ரைசிங் ஏஜென்ட் என்ற சொல்லுக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் எண்கள் இருக்கும். 500 என்றால் சமையல் சோடா. 501 பொட்டாசியம் கார்பனேட் வகை, 336 கிரீம் ஆஃப் டார்ட்டர். 341 கால்சியம் பாஸ்பேட்; 450 என்பது பைரோபாஸ்பேட், கேக் மிக்ஸ்களிலும் உடனடி மாவுகளிலும் அடிக்கடி தென்படுவது. 521 முதல் 523 வரை படிகாரக் குடும்பம். 541 என்பது சோடியம் அலுமினியம் பாஸ்பேட். சோடியம், அலுமினியம், பாஸ்பரஸ் மூன்றையும் ஒரே பொருளில் தருகிற பெருமை அதற்கு உண்டு. ஊட்டச்சத்து அட்டவணையில் சோடியத்தை அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. பாஸ்பரஸுக்கும் பொட்டாசியத்துக்கும் அப்படிக் கட்டாயம் இல்லை. ஆகவே அட்டவணையில் பாஸ்பரஸ் என்ற வரி இல்லாததைப் பார்த்துவிட்டு அது பண்டத்திலும் இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. சேர்மானப் பட்டியலுக்குப் போய் எண்ணைத் தேட வேண்டும். எழுத்துக்கள் எறும்பைப்போல் இருப்பதால் நான் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிக்கிறேன்.

503 என்ற எண்ணைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது அம்மோனியம் பைகார்பனேட், பேக்கரிக்காரர்கள் அமோனியா என்று சொல்லும் வெள்ளைப் பொடி. சூட்டில் அது அம்மோனியா, கார்பன் டை ஆக்சைடு, நீராவி என்று மூன்றாகப் பிரிந்து முழுவதும் ஆவியாகிப் போகிறது. பண்டத்தில் எந்தத் தாதுவும் மிஞ்சுவதில்லை. மெல்லிய, மொறுமொறுப்பான பிஸ்கட்டுக்கு மட்டுமே அது பயன்படும், கனமான கேக்கில் போட்டால் அம்மோனியா வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி மூக்கைத் துளைக்கும். அதை மட்டுமே நம்பிச் செய்த பிஸ்கட் கடையில் கிடைப்பது அரிது. பெரும்பாலும் 500உம் 503உம் கைகோத்தே வருகின்றன. இரண்டு பாக்கெட்டுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால், 500, 503 இரண்டு மட்டும் உள்ளதை எடுத்துக்கொண்டு 450 உள்ளதை வைத்துவிடுகிறேன். பிறகு சோடியம் வரியைப் பார்க்கிறேன்.

எண்ணே இல்லாத இடங்கள்தாம் பெரிய சிக்கல். மாலை நேரத்துப் போண்டாக் கடையில் கடலை மாவில் எவ்வளவு ஆப்ப சோடா விழுகிறது என்பது மாஸ்டரின் கைக்கே தெரிந்த கணக்கு. மிளகாய் பஜ்ஜிக்கு ஒரு சிட்டிகை, கூட்டம் அதிகமாகி மாவு அவசரமாகக் கரைக்கப்பட்டால் இரண்டு சிட்டிகை. தட்டை போன்ற நிப்பட்டில் சோடா இருக்கிறதோ இல்லையோ, உப்பு நிச்சயம் தூக்கலாக இருக்கும். பேக்கரியில் தட்டில் அடுக்கியிருக்கும் பப்ஸுக்கும் காரப் பன்னுக்கும் சீட்டு ஒட்டியிருப்பதில்லை. வீட்டில் அவசரத்துக்குச் செய்யும் ரவா இட்லிக்கு ஒரு ஈனோ பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஐந்து கிராம் கொண்ட அந்த ஒரு பாக்கெட்டில் 800 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. நான்கு பேர் சாப்பிடும் இட்லியில் அது பகிர்ந்துவிடும் என்றாலும், ரவையில் போட்ட உப்பையும் சட்னியில் போட்ட உப்பையும் அதோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

ராகியைப் பற்றிக் கேட்காமல் இந்த மாவட்டத்தில் யாரும் விடமாட்டார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டும் கேழ்வரகு விளையும் மண்; களி தின்று வளர்ந்த உடம்பு எங்களுடையது. மகளிர் குழுக்கள் செய்யும் ராகி பிஸ்கட்டும், பேக்கரிகளில் ராகி கேக்கும் உடலுக்கு நல்லவை என்ற பெயரோடு விற்பனையாகின்றன. பொதுவாக நல்லவைதாம். ஆனால் 100 கிராம் ராகியில் பொட்டாசியம் 400 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, பாஸ்பரஸ் 200க்கு மேல் இருக்கிறது. எல்லோரும் வெறுக்கக் கற்றுக்கொண்ட மைதாவில் இவ்விரண்டும் அதில் பாதிகூட வராது. அதோடு, கோதுமையில் உள்ள பசைத்தன்மை ராகி மாவில் இல்லாததால் வாயுவைப் பிடித்து வைக்க அதனால் முடியாது. கேக் கல்லாகிவிடாமல் இருக்கச் செய்பவர்கள் பேக்கிங் பவுடரைக் கூடுதலாகப் போடுகிறார்கள். ராகியில் இயல்பாக இருக்கும் பாஸ்பரஸ் பூட்டிய நிலையில் இருப்பதால் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்றாலும், அதற்குத் துணையாகப் போகிற பொடியின் பாஸ்பரஸுக்கு அந்தச் சலுகை இல்லை. என் கணவர் வாரத்தில் இரண்டு நாள் சிறிய உருண்டையாகக் களி சாப்பிடுகிறார். அதை நிறுத்தும்படி மருத்துவர் சொல்லவில்லை. ராகி கேக்கை மட்டும் நாங்கள் வாங்குவதில்லை. உடல்நலம் பேசுகிறவர்கள் மைதாவைத் திட்டும்போது நான் வாயைத் திறப்பதில்லை. அவர்கள் சொல்வது அவர்கள் சிறுநீரகத்துக்குச் சரி.

சென்ற பொங்கலுக்கு வந்திருந்த நாத்தனார் நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டார்: "டாக்டரே சோடா மாத்திரை எழுதித் தர்றாரு, நீ என்னம்மா பஜ்ஜியில கிள்ளிப் போடற சோடாவுக்கு இவ்வளவு கணக்குப் பாக்கற?" சிறுநீரகம் தளர்ந்தவர்களின் இரத்தத்தில் அமிலத்தன்மை கூடி பைகார்பனேட் குறைகிறது, அதை ஈடுகட்டத்தான் அந்த மாத்திரை. அது சமையல் சோடாவேதான், வேறொன்றுமில்லை. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் 137 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. நாளுக்கு ஆறு மாத்திரை எடுத்துக்கொள்கிறவருக்கு அதிலேயே 800 மில்லிகிராமுக்கு மேல் வந்துவிடுகிறது. பைகார்பனேட்டோடு வரும் சோடியம், உப்பாக வரும் அதே அளவு சோடியத்தைப்போல் இரத்த அழுத்தத்தை ஏற்றுவதில்லை என்பதால் மருத்துவர்கள் அதைத் துணிந்து தருகிறார்கள். தந்துவிட்டு எடையையும் கால் வீக்கத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். மருந்தாகப் போகும் சோடியத்துக்கு இடம் விட வேண்டும் என்பதாலேயே பண்டத்தில் போடும் சோடாவைக் குறைக்க வேண்டியிருக்கிறது என்று நாத்தனாரிடம் சொன்னேன். மாத்திரைக்குப் பதிலாக அடுக்களைச் சோடாவைக் கரைத்துக் குடிக்கலாமா என்று அடுத்து கேட்டார். கூடாது; கரண்டிக்குக் கரண்டி அளவு மாறும், மருத்துவர் போட்ட கணக்கு அத்தோடு குலைந்துவிடும்.

இனி வீட்டில் நாங்கள் செய்வது. தாதுக் கணக்கில் மிகவும் எளியது ஈஸ்ட். அரைக் கிலோ மாவுக்கு உலர் ஈஸ்ட் ஏழு கிராம் போதும். அந்த ஏழு கிராமில் இருக்கும் பொட்டாசியமும் பாஸ்பரஸும் பத்துப் பன்னில் பிரிந்தால் ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம்களே வரும், சோடியம் ஏறக்குறைய இல்லை. கடைப் பன்னிலும் ரொட்டியிலும் சோடியம் இருப்பது ஈஸ்ட்டால் அல்ல, உப்பால். மாவின் எடையில் இரண்டு விழுக்காடு உப்பு என்பது ரொட்டிக்கு வழக்கமான அளவு. அரைக் கிலோ மாவுக்கு அது 10 கிராம், அதாவது ஏறத்தாழ 3,900 மில்லிகிராம் சோடியம். நான் இரண்டு கிராம்தான் போடுகிறேன். உப்பு குறைந்தால் ஈஸ்ட் அடங்காமல் வேகமாகப் பொங்கும், மாவும் கையில் ஒட்டும். பங்குனி, சித்திரை வெயிலில் அரை மணி நேரத்தில் பாத்திரத்தைத் தாண்டி வழிந்துவிடும். குளிர்ந்த நீரில் பிசைந்து, ஈஸ்ட்டைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் சரியாகிவிடுகிறது. சுவைக்கு மேலே கொஞ்சம் சோம்போ, எள்ளோ தூவுகிறேன். கோதுமை மாவில் நீண்ட நேரம் புளிக்கவைத்தால் ஃபைட்டேட் சிதைந்து பாஸ்பரஸ் கூடுதலாக உடலில் சேரும் என்பதால் மைதாவையே பயன்படுத்துகிறேன்.

இதே காரணத்தால் இட்லி மாவைப் பற்றியும் சிலர் ஐயப்படுவார்கள். இட்லியைப் பொங்கவைப்பது மாவில் தானாக வளரும் பாக்டீரியா. அது எந்தத் தாதுவையும் புதிதாகக் கொண்டுவருவதில்லை. புளித்த மாவில் உளுந்தின் பாஸ்பரஸ் சற்றுக் கூடுதலாக வெளிப்படுவது உண்மை. ஆயினும் நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற அளவில் இரண்டு, மூன்று இட்லிகளில் அது பெரிய தொகையாக வராது. ஆப்ப சோடா போடாத வீட்டு இட்லியைவிட நல்ல காலை உணவு எங்கள் கணக்கில் இல்லை. தொட்டுக்கொள்ளும் சாம்பாரில்தான் பொட்டாசியமும் உப்பும் காத்திருக்கின்றன.

கேக் வேண்டும் என்று கேட்கும் நாளில் முட்டையின் வெள்ளைக்கருவை நம்புகிறேன். நன்றாக அடித்தால் காற்றே போதும், பொடி வேண்டியதில்லை. ஒரு வெள்ளைக்கருவில் பாஸ்பரஸ் ஐந்து மில்லிகிராம் அளவுக்குத்தான் இருக்கும். மஞ்சள்கருவில் 60க்கு மேல் இருக்கும். நுரை நிலைத்து நிற்பதற்குக் கிரீம் ஆஃப் டார்ட்டர் போடச் சொல்வார்கள். சில துளி எலுமிச்சைச் சாறு அதே வேலையைச் செய்துவிடுகிறது. நான்கு வெள்ளைக்கருவும் மைதாவும் சர்க்கரையும் சேர்த்த ஸ்பாஞ்சை எட்டாகப் பகிர்ந்தால் ஒருவருக்கு அரை வெள்ளைக்கருவே போகிறது. புரதம் அளந்து சாப்பிடுபவர்களுக்கும் இது இடிக்காது. ஏலக்காய் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் முட்டை வாடை அடிக்கும்.

முட்டை சேர்க்காதவர்கள் வீட்டிலேயே ஒரு பொடியைக் கலந்து வைத்துக்கொள்ளலாம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தரும் சிட்ரிக் அமிலத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் கிடையாது. எடையில் நான்கு பங்கு சமையல் சோடா, மூன்று பங்கு சிட்ரிக் அமிலம், நான்கு பங்கு சோள மாவு என்ற அளவில் கலந்தால் அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும். சோடியம் இதில் குறையாது. ஒரு தேக்கரண்டியில் 500 மில்லிகிராம் அளவுக்கு இருக்கும். பாஸ்பரஸும் அலுமினியமும் இல்லை என்பது மட்டுமே லாபம், ஆகவே சமையல் குறிப்பில் சொன்ன அளவில் பாதியையே போட்டு மாவை நன்றாக அடித்துக்கொள்கிறேன். அலுமினியம் கலந்த நெஞ்செரிச்சல் மருந்து குடிப்பவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் சிட்ரேட் இருந்தால் குடல் அலுமினியத்தை அதிகமாக ஈர்க்கும். அதே காரணத்தால் புளிப்பான மாவை நான் அலுமினியத் தட்டில் வேகவைப்பதில்லை, எவர்சில்வர் டப்பாவில் வெண்ணெய்த்தாள் போட்டு ஊற்றுகிறேன். கடைப் பொடியைப்போல் இரண்டு கட்டமாக வேலை செய்யாமல் ஈரம் பட்டதுமே எல்லா வாயுவையும் விட்டுவிடும் என்பதால், அடுப்பு சூடேறிய பிறகே இதை மாவில் கலக்க வேண்டும். ஐப்பசி மழையில் காற்றின் ஈரமே இதைக் கட்டியாக்கிவிடும். கொஞ்சமாகக் கலந்து, இறுக்கமான மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில், குப்பியின் மேல் பெயர் எழுதி வைக்கவும். எங்கள் வீட்டில் அதை ஒருமுறை அரிசி மாவு என்று நினைத்துக் கோலம் போட எடுத்துவிட்டார்கள்.